குழிக்குத்தான் பில்

வளைவு முடிந்துவிட்டது. பூங்காதான் இன்னும் வரவில்லை.

சாதாரண வளைவு இல்லை அது. வைக்கோல் லாரியின்மேல் இன்னொரு வைக்கோல் லாரியை ஏற்றி உள்ளே ஓட்டலாம். இரண்டு பக்கமும் சிமெண்டுத் தூண், தூணைச் சுற்றிச் சிமெண்டுக் கொடி, கொடியில் சிமெண்டு இலை, இலைக்குப் பச்சைப் பெயிண்ட். உச்சியில் 'தாவரவியல் பூங்கா தங்களை அன்புடன் வரவேற்கிறது'. அதற்கு நேர் கீழே கம்பியில் கட்டித் தொங்கும் தகரத்தில் 'பணிகள் நடைபெறுகின்றன'. வரவேற்கிறார்களா, திருப்பி அனுப்புகிறார்களா என்று புரியாமல் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றோம். அன்றைக்கு நாங்கள் பார்த்ததிலேயே பச்சையான இலை அந்தப் பெயிண்ட் இலைதான் என்பது உள்ளே போன பிறகு தெரிந்தது.

எந்த ஊர்ப் பூங்கா என்று சொல்லமாட்டேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்துபோகிற ஒரு பாதையில் இருக்கிறது, அது போதும். பெயரைச் சொன்னால் ஓர் ஊர் மட்டும் மாட்டிக்கொள்ளும். மற்ற ஊர்களெல்லாம் 'நம்முடையது இல்லை' என்று மூச்சு விட்டுக்கொள்ளும். அந்த நிம்மதியை நான் ஏன் தர வேண்டும்?

போன காரணம் என் அக்கா மகள். கல்லூரியில் தாவரவியல் முதலாண்டு. பத்துச் செடிகளைப் பறித்து, பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் தாவரவியல் பெயர், குடும்பம், ஊர்ப்பெயர், சேகரித்த இடம், நாள் என்று எழுதித் தர வேண்டுமாம். "மாமா, தாவரவியல் பூங்காவுலயே போய் எடுத்தா பேரெல்லாம் கரெக்டா இருக்கும் இல்ல?" என்றாள். பதினெட்டு வயதில் அரசாங்கப் பலகைமேல் இவ்வளவு நம்பிக்கை வைப்பது உடம்புக்கு நல்லதில்லையே என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.

வாசலில் காவலாளிப் பெரியவர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போலாங்களா?"

"போங்க சார். வேலை நடக்குது, பாத்துப் போங்க."

"யாரையும் காணமே?"

"ஞாயித்துக்கெழம."

"நேத்து?"

"நேத்து மழை."

"போன மாசம்?"

"பில்லு வரல சார்," என்று சொல்லிவிட்டு, இதற்குமேல் என்னை இழுக்காதே என்பதுபோல் சாலையைப் பார்க்கத் தொடங்கினார். அவருக்கும் மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது திரும்பி வரும்போது தெரிந்தது. பூங்காவில் நடந்துகொண்டிருந்த ஒரே பணி, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான்.

உள்ளே நுழைந்தவுடன் கல்வெட்டு. கறுப்பு கிரானைட், பொன் எழுத்து. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை என்று வரிசையாகப் பெயர்கள். அக்கா மகள் எண்ணினாள், இருபத்தொன்று. பிறகு பூங்காவைச் சுற்றி வந்து உயிரோடிருந்த மரவகைகளை எண்ணினாள், ஒன்பது. ஒன்பதுக்கு இருபத்தொரு பேர் என்றால் ஒரு மரத்துக்கு இரண்டு பேருக்கு மேல் வருகிறது. ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் இந்நேரம் காடாகியிருக்கும்.

கல்வெட்டை அடுத்து 'ஐ லவ்' என்று ஆளுயர எழுத்துகள். நடுவில் இருந்த இதயம் உடைந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் கட்டிப்பிடித்து ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் சிமெண்டு மான், சிமெண்டு யானை, என்ன உறவோ தெரியாமல் ஒரு டைனோசர். பாதையெங்கும் பேவர் பிளாக். பத்தடிக்கு ஒரு பெஞ்சு. ஆட்சி மாறினால் பெஞ்சின் நிறம் மாறும். அதன்மேல் விழ வேண்டிய நிழல்மட்டும் எந்த ஆட்சியிலும் வந்ததில்லை. நட்ட நடுவே இசை நீரூற்று. இசையும் இல்லை, நீரும் இல்லை. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம் அரை மீட்டர் மழையைக் கொட்டியதே, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அன்று ஒருநாள் அந்தத் தொட்டியில் தண்ணீர் நின்றதாம். தரையெல்லாம் பேவர் பிளாக் போட்டு மூடிவிட்டதால் உள்ளே இறங்க வழியில்லாத வெள்ளம் மான் கழுத்து மட்டம் வரைக்கும் நின்றதாம். சிமெண்டு மானாக இருந்ததால் உயிர் பிழைத்தது.

செடிகளுக்கு வருவோம். செடியைவிடப் பலகைகள் நன்றாக வளர்ந்திருந்தன. துருப்பிடிக்காத எஃகுக் கம்பம், அதன்மேல் தமிழ்ப்பெயர், தாவரவியல் பெயர், பயன்கள். 'அரசு' என்ற பலகைக்குக் கீழே ஒரு காய்ந்த குச்சி நின்றது. அதிலொன்றும் பிழை சொல்வதற்கில்லை, மிகச் சரியான பெயர்தான். 'புன்னை' என்ற பலகைக்குப் பின்னால் நின்றது புங்கை. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மயில்கொன்றைக்கு 'நமது பாரம்பரிய மரம்' என்று சான்றிதழ். மூலிகைத் தோட்டத்தில் கற்பூரவல்லி ஒரு பாத்தி, ஓமவல்லி ஒரு பாத்தி. இரண்டும் ஒரே செடிதான் என்பது எந்தப் பாட்டியைக் கேட்டாலும் தெரியும். ஒரே செடிக்கு இரண்டு பெயர் என்று தமிழ்மொழி வளமாக இருப்பதால் இரண்டு பில்.

நட்சத்திர வனம் என்று ஒன்று இருந்தது. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் ஒவ்வொரு மரம், வட்டமாக. என் நட்சத்திரம் அனுஷம், அதற்கு மகிழம். போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு ஒரு குச்சி, அதில் ஒரு கறையான் புற்று. மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது, பொய் சொல்லவில்லை. அப்புறம் பக்கத்து நட்சத்திரங்களையும் பார்த்தேன். எல்லாருக்கும் அதே கதி என்று தெரிந்ததும் ஆறுதலாக இருந்தது. நம் ஊரில் சமத்துவம் இப்படித்தான் வருகிறது.

மதிலோரம் முழுக்க ஒரே மரம், வரிசையாக, தளதளவென்று. கோனோகார்பஸ். சீக்கிரம் வளரும், திறப்பு விழாத் தேதிக்குள் பச்சையாகிவிடும். ஒப்பந்தக்காரரின் கற்பகவிருட்சம். இதை இனி நடக்கூடாது என்று தமிழ்நாடு அரசே 2025-ல் தடை போட்டுவிட்டது. தடைக்கு முன் நட்டதா, பின் நட்டதா என்று மரத்தைக் கேட்க முடியாது. பலகையில் மட்டும் 'தூய காற்று தரும் மரம்' என்று போட்டிருந்தது.

பனை ஒன்றுகூட இல்லை. பனைதான் இந்த மாநிலத்தின் மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் சொன்னார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில், பனையபுரம் என்று ஊரே இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம், பழைய பெயர் புறவார் பனங்காட்டூர், சாமிக்குப் பெயரே பனங்காட்டீசர். அப்படிப்பட்ட சீமையில் பூங்கா வாசலில் வரிசைகட்டி நிற்பது ராயல் பாம். ஆந்திராவில் கடியம் நர்சரியிலிருந்து லாரியில் வந்ததாம். பனங்கொட்டையை மண்ணில் போட்டால் அது பாட்டுக்கு முளைத்துவிடும். முளைக்கிற பொருளுக்கு டெண்டர் எப்படி விடுவது?

"எது வேணா பறிச்சிக்க பாப்பா," என்றார் காவலாளிப் பெரியவர், அக்கா மகள் அனுமதி கேட்டபோது. "லேபிள்ல மட்டும் கை வெச்சிடாத. அது ஸ்டாக்குல ஏறியிருக்கு."

இந்த ஒரு வாக்கியத்தை அந்தக் கிரானைட்டில் வெட்டலாம்.

தாவரவியல் பூங்கா என்றால் என்ன? பூச்செடி வைத்து நீரூற்று போட்டால் அது பார்க். எந்தச் செடி, எந்தக் காட்டிலிருந்து, யார், எந்த நாளில் கொண்டுவந்தது, பிழைத்ததா, பூத்ததா என்று ஒவ்வொன்றுக்கும் பதிவேடு வைத்திருந்தால்தான் அது தாவரவியல் பூங்கா. கல்கத்தாவில் 1787-ல் தொடங்கியவர்களும், ஊட்டியில் 1848-ல் கியூ தோட்டத்திலிருந்து வந்து இறங்கிய மெக்ஐவரும் நம்மேல் பாசம் வைத்தா செய்தார்கள்? காசு பார்க்கத்தான். எந்தச் செடியை எங்கே நட்டால் எவ்வளவு கறக்கலாம் என்று கணக்குப் போட்டுச் செய்தார்கள். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் 1826-ல் போட்ட தோட்டம் இன்றும் இருக்கிறது. கொள்ளையடிக்க வந்தவன்கூட மரத்துக்குப் பதிவேடு வைத்தான். நாம் பலகைக்கு வைத்திருக்கிறோம்.

ஏன் இப்படி ஆகிறது என்று கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் யோக்கியமான ஓர் என்ஜினீயர் வந்தாலும் இதேதான் நடக்கும். எம்-புக் என்று ஒன்று இருக்கிறது, அளவுப் புத்தகம். செய்த வேலையை அளந்து அதில் ஏற்றினால்தான் பில் பாஸ் ஆகும். சுவர் இத்தனை மீட்டர், பேவர் பிளாக் இத்தனை சதுர மீட்டர், கான்கிரீட் இத்தனை கன மீட்டர். எல்லாம் டேப் பிடித்து அளக்கக்கூடியவை. நிழலை எப்படி அளப்பார்கள்? பத்து வருஷம் கழித்து வரப்போகிற நாவல்பழத்தை எந்தப் பக்கத்தில் ஏற்றுவார்கள்? மரம் நடுகிற வேலையில் அளக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: குழி. நீளம், அகலம், ஆழம். அதனால் குழிக்கு பில் உண்டு, மரத்துக்கு இல்லை. அடுத்த சுற்றுச்சூழல் தினத்தில் அதே குழியை மறுபடி தோண்டினால் மறுபடி பில். கன்று பிழைத்துவிட்டால்தான் தொல்லை, குழி அடைபட்டுப்போகும்.

மரத்துக்கும் அரசாங்கப் புத்தகத்தில் ஒரு நாள் இடம் கிடைக்கும். வெட்டும்போது. அன்றைக்குச் சுற்றளவு எடுப்பார்கள், நம்பர் போடுவார்கள், கனஅடி கட்டுவார்கள், ஏலத்தொகை எழுதுவார்கள். உயிரோடிருந்த நூறு வருஷத்தில் கிடைக்காத மரியாதை.

எஸ்டிமேட்டின் முதல் அயிட்டம் என்ன தெரியுமா? புதர் அகற்றுதல். எந்தக் கட்டுமானத்துக்கும் அதுதான் முதல் வரி. பள்ளிக்கூடம் கட்டினாலும் அதுதான், பஸ் ஸ்டாண்டு கட்டினாலும் அதுதான், தாவரவியல் பூங்கா கட்டினாலும் அதேதான். ஜேசிபி வந்து நிலத்திலிருந்த தாவரத்தையெல்லாம் வழித்துப் போட்ட பிறகுதான் தாவரவியல் பூங்காவுக்குப் பூமிபூஜை.

அந்தப் 'புதர்' என்பது என்ன? விசாகப்பட்டினத்திலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் கடலோரமாக ஒரு பட்டைபோல் இருந்த காடு. உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். வருஷத்தில் முக்கால்வாசி வெயில் காய்ந்தாலும் இலை உதிராது. பாலை, வீரை, காசா, கருங்காலி, நாவல். ஓரத்தில் காரை, சூரை. ஆளுயரத்துக்கு மேல் அதிகம் போகாமல் நெருக்கிப் பின்னிக்கொண்டு நிற்கிற இடங்களில் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் முள்ளுக்காடாகத் தெரியும். உலகத்தில் அந்தக் காட்டுக்கு இருக்கிற இடம் இந்தக் கரையும் இலங்கையின் உலர்ந்த பகுதியும்தான், அதிலும் மிச்சம் கைப்பிடி அளவு. அந்தக் கைப்பிடியும் பெரும்பாலும் தப்பியது கோயில்காடுகளில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டில் அய்யனார் காடு இருக்கிறது. மண்குதிரை காவல் நிற்கிறது. வனத்துறைச் சட்டம், பசுமைத் தீர்ப்பாயம் எதுவும் பிறக்காத காலத்தில், சாமி கண்ணைக் குத்தும் என்ற ஒரே ஒரு சட்டப்பிரிவில் அந்தக் காடு தப்பியது. இப்போது எல்லாரும் படித்துவிட்டோம், கண்ணைப் பற்றிய பயம் போய்விட்டது.

திண்டிவனம் என்ற பெயரிலேயே காடு இருக்கிறது. திந்திரிணி என்றால் புளி, திந்திரிணிவனம், புளியங்காடு. ஊர்ச் சிவன் கோயிலில் சாமிக்குப் பெயர் திந்திரிணீசுவரர். சின்ன வயதில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போனால் வெயில் தெரியாது. இரண்டு பக்கத்துப் புளியமரமும் நடுரோட்டுக்கு மேலே கைகோத்துக்கொண்டு நிற்கும். அடிமரத்தில் வெள்ளை அடித்து, கறுப்பில் நம்பர் போட்டிருக்கும். புளியை நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் உலுக்குவார், எடுக்காத எங்கள் ஊர்ப் பையன்கள் ராத்திரியில் உலுக்குவோம். 2000-களில் நான்குவழிச் சாலை வந்தது. மரம் போனது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் அதில்தான் போகிறேன், விக்கிரவாண்டியில் சுங்கமும் கட்டுகிறேன். ஒன்று வெட்டினால் பத்து நட வேண்டும் என்று நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் ஒரு கணக்குச் சொல்வார்களே, அந்தக் கணக்கு நடந்திருந்தால் இந்நேரம் தாம்பரம் தாண்டியதும் பஸ் டிரைவர் லைட் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும், அவ்வளவு இருட்டிக் கிடக்கும். நட்டது என்ன? நடுத்திட்டில் அரளி. ஆடுமாடு மேயாது, தண்ணீர் அதிகம் கேட்காது, எதிர்வண்டி வெளிச்சத்தை மறைக்கும். காரணமெல்லாம் சரிதான். ரசத்துக்குப் போகிற மரத்தை எடுத்துவிட்டு விஷத்துக்குப் போகிற செடியை வைத்திருக்கிறார்கள், புளியங்காடு என்று பெயர் வைத்த ஊரின் வாசலில்.

'புளி மட்டும் என்ன நம்மூர் மரமா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதானே' என்று படித்தவர் யாராவது கையைத் தூக்குவார்கள். ஆமாம், வந்ததுதான். வந்து ரசமானது, ஊர்ப்பெயரானது, சாமிப் பெயரானது. கோனோகார்பஸ் எந்தச் சாமிக்குப் பெயராகும் என்று சொல்லுங்கள், நானும் கும்பிடுகிறேன்.

இதே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலக்கடலை போடுகிற விவசாயிகள் வாயில் டி.எம்.வி. என்று ஒரு சொல் வரும், அந்த டி.எம்.வி. திண்டிவனம்தான். டி.எம்.வி. 2 ரகம் 1940-ல் வந்தது. இந்தியா முழுக்க எத்தனை வயலில் முளைத்திருக்கும், எத்தனை பேர் வறுத்துத் தின்றிருப்பார்கள்! செடியைச் செடியாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த மண்ணில் இல்லாமலில்லை. அவர்கள் பெயர் எந்தக் கிரானைட்டிலும் இல்லை. அங்கே போய் யாரும் செல்ஃபி எடுப்பதுமில்லை.

வளர்ந்துகொண்டிருக்கும் பூங்கா என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க வெளிநாடும் போக வேண்டாம். இதே விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் ஆரோவில் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 2000-ல் 50 ஏக்கரில் தொடங்கினார்கள். 1968-ல் ஆரோவில் வந்தபோது அந்த மேடு முழுக்கச் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து கடல் சிவக்குமாம். முதலில் மண்ணை நிறுத்தினார்கள், வரப்புப் போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள், அப்புறம் இந்தக் கரைக்குரிய மரங்களை விதையிலிருந்து எழுப்பினார்கள். கால் நூற்றாண்டு ஆகியும் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். மரம் வளர்கிற வரைக்கும் அப்படித்தான் சொல்ல முடியும். நம்மூர்ப் பூங்காக்களும் அதே வார்த்தையைத்தான் சொல்கின்றன: வளர்ச்சிப் பணி. அங்கே வளர்வது மரம். இங்கே எஸ்டிமேட்.

ஆரோவில்லைக் கோயிலாக்கவும் நான் தயாரில்லை. 2021 டிசம்பரில் அங்கேயே, அவர்களே நட்ட மரங்கள்மேல், வட்டச்சாலை போட ஜேசிபி ஏறியது. பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தியது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் ஆணையை ரத்து செய்தது. எதிர்கால நகரமாக இருந்தாலும் புதர் அகற்றுதல்தான் முதல் அயிட்டம்.

2022-ல் தமிழ்நாடு பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது, ஞாபகமிருக்கிறதா? லண்டன் கியூ தோட்டத்தின் துணையோடு சென்னைக்கு அருகில் 300 கோடியில் தாவரவியல் பூங்கா. செங்கல்பட்டு மாவட்டம் கடம்பூரில் இடம். நல்ல விஷயம், நல்லபடியாக வரட்டும். கியூவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். ஐயா, எங்களுக்குச் செடியைப் பற்றிக்கூடச் சொல்லித்தர வேண்டாம். அந்த எம்-புக்கில் ஒரு மரத்தை உயிரோடு எப்படி ஏற்றுவது என்று மட்டும் எங்கள் என்ஜினீயர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

நம்மையும் சும்மா விடுவதற்கில்லை. வாசலில் வேம்பு இருந்தால் இலை கொட்டிக் குப்பையாகிறது என்று வெட்டிவிட்டு, கொரியன் புல் வாங்கிப் போர்த்துகிற ஜனங்கள் நாம். முருங்கையில் கம்பளிப்பூச்சி வருகிறது, வெட்டு. புளியில் பேய் இருக்கிறது, வெட்டு. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் 'ஐ லவ்' எழுத்துக்கு முன்னால் நிறுத்துகிறோம். நமக்குத் தகுந்த பூங்காதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அக்கா மகள் அழாத குறையாக நின்றாள். பையில் செய்தித்தாள் கட்டு அப்படியே இருந்தது. சரி வா, ஒழுங்கான மரம் காட்டுகிறேன் என்று திருவக்கரைக்கு அழைத்துப் போனேன். பௌர்ணமி என்றால் வக்ரகாளியைப் பார்க்கக் கூட்டம் அள்ளும். அன்றைக்குப் பௌர்ணமி இல்லை. கல்மரப் பூங்காவில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1940-லிருந்து காத்துவருகிற இடம் அது. 1780-களிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் வந்து பார்த்து ஐரோப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட 200 மரங்கள், கல்லாகிக் கிடக்கின்றன. சில 15 மீட்டர் நீளம். வயது சுமார் 2 கோடி ஆண்டு. வேரும் இல்லை, கிளையும் இல்லை. எங்கிருந்தோ பெருவெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்து, மரச்சத்து போய் அந்த இடத்தில் மணிமணியாகக் கல் ஏறி அப்படியே உறைந்தவை. பட்டையின் வரி தெரிகிறது, கணு தெரிகிறது. கட்டையில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. புளியின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் இவற்றில் உண்டு. புளியங்காட்டில் நெடுஞ்சாலைத் துறைக்குத் தப்பிய புளி உறவு இதுதான்போலிருக்கிறது. தப்பிக்க ஒரே வழி, துறை பிறப்பதற்கு 2 கோடி ஆண்டு முன்னாலேயே செத்துப்போவது.

தூரத்தில் கல் கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வட்டாரம் முழுக்கக் குவாரி. வெடி வைத்தார்கள் போல. காலடியில் லேசாக ஓர் அதிர்வு வந்து போனது. கட்டையாகக் கிடந்த கல்மரம் அசையவில்லை. அக்கா மகள்தான் என் கையைப் பிடித்தாள்.

"இங்க உடைக்கிற ஜல்லிதான் மாமா அங்க வளைவுக்குப் போயிருக்கும்," என்றாள். பிள்ளைக்குப் படிப்பு ஏறத் தொடங்கிவிட்டது.

திரும்பும் வழியில் மறுபடி அந்தப் பூங்கா வழியாகத்தான் வர வேண்டும். ஹெல்மெட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தோம். பெரியவர் எடுத்து வைத்திருந்தார். "செடி கெடைச்சிதா பாப்பா?" என்றார். இல்லை என்றதும், எழுந்து, கழிப்பறைக்குப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். கழிப்பறை பூட்டியிருந்தது, திறந்த நாளிலிருந்தே. அதன் பின்னால் ஒரு முருங்கை, அடுத்து ஒரு பப்பாளி, இரண்டு கத்திரி. அத்தனையும் அவர் வைத்தது. குடிக்கக் கொண்டுவருகிற தண்ணீரில் மிச்சத்தை ஊற்றுவாராம். அந்தப் பூங்காவிலேயே நிழல் தருகிற மரம் அந்த முருங்கைதான்.

"போன வாரம் ஆபீசர் வந்து பாத்துட்டு, இன்னாய்யா இது ஆக்கிரமிப்புன்னார். எடுத்துடணும் சார்."

மதிலில் அந்த இடத்தில் கல் சரிந்து ஓர் ஆள் நுழைகிற அளவு வழி இருந்தது. மழையில் விழுந்ததாம். அதன் வழியாக வெளியே போனோம். மதிலுக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே ஒரு துண்டுப் புறம்போக்கு. ஜேசிபி அங்கே வரவில்லை. எல்லைக்கல்லோடு எஸ்டிமேட் முடிந்துவிட்டது. ஆவாரை பூத்திருந்தது. நொச்சி, விராலி, தும்பை, குப்பைமேனி. சூரை முள் என் சட்டையைப் பிடித்தது. கொஞ்சம் உள்ளே ஒரு வெப்பாலை, அதன் அடியில் காரை. ஏரிப்பக்கம் ஒரு பழைய வீரை, பத்துப் பன்னிரண்டு அடி உயரம், இலை கறுத்த பச்சையாக, எந்த விழாவுக்கும் யாரும் தண்ணீர் ஊற்றாமல். எதற்கும் பலகை இல்லை. பெயர்களைப் பெரியவர் சொல்லச்சொல்ல அக்கா மகள் எழுதிக்கொண்டாள். வீரையில் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகம். "எங்கப்பாரு கோடாலிக்குக் காம்பு இதுலதான் போடுவாரு, வீரையேதான்," என்று முடித்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் பத்தும் கிடைத்துவிட்டது. இருட்டுவதற்குள் செய்தித்தாளுக்குள் அடுக்கிக் கட்டினோம்.

இரண்டு வாரம் கழித்து ரெக்கார்டைக் கொண்டுவந்து காட்டினாள். தாள்தோறும் செடி அழகாகப் படிந்திருந்தது. தாவரவியல் பெயர், குடும்பம், ஊர்ப்பெயர், நாள், எல்லாம் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தாள். 'சேகரித்த இடம்' என்ற வரி மட்டும் பத்துத் தாளிலும் காலியாக இருந்தது.

"மேடம் பூங்காவுக்குப் போங்கன்னுதான் சொன்னாங்க மாமா. புறம்போக்குன்னு எழுதினா மார்க் கொறைப்பாங்களோ?"

யோசித்தேன். பேனாவை வாங்கி முதல் தாளில் நானே எழுதிக் கொடுத்தேன். மற்ற ஒன்பதிலும் அவள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

'தாவரவியல் பூங்கா, மதிலுக்கு வெளியே.'